ஒரே நடிகை, பல பெண்கள்: மேடையில் பன்முகத்திறனை எப்படி அடையாளம் காண்பது?

நாடக மதிப்புரைகளில் அடிக்கடி கண்ணில் படும் வரி ஒன்று உண்டு: ‘பாத்திரமாகவே வாழ்ந்திருக்கிறார்.’ நடிகையைப் பற்றிய மதிப்புரை என்றால் பக்கத்திலேயே இன்னொன்றும் வந்து சேரும்: ‘பன்முகத் திறமை வாய்ந்தவர்.’ இரண்டையும் படித்து முடித்த பிறகும் அந்த நடிகை மேடையில் என்னதான் செய்தார் என்பது விளங்காது. கையை எங்கே வைத்தார், எந்த இடத்தில் பேச்சை நிறுத்தினார், போன வாரம் தாயாக வந்தவர் இந்த வாரம் திருடியாக வந்தபோது எது மாறியது, ஒன்றும் தெரியாது. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது. மேடை நடிப்பு அன்றிரவோடு கரைந்துபோகும் கலை. பார்த்தவர் எழுதிவைத்தால்தான் அது மறுநாளும் இருக்கும். அவர் எழுதியதும் வெறும் புகழ்ச்சியாக இருந்துவிட்டால், அந்த நடிகையின் உழைப்பு முழுவதும் போனது போனதுதான்.

நாடகம் பார்க்கத் தொடங்கியிருப்பவர்களுக்கும், பார்த்ததைப் பற்றி எழுத ஆசைப்படுபவர்களுக்கும் இந்தக் கட்டுரை. பன்முகத்திறன் என்று எதைச் சொல்கிறோம், நல்ல விமர்சகர்கள் அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதைச் சில நடிகைகளின் வழியாகப் பார்க்கலாம்.

மேடை நடிகையின் கையிருப்பு ஓர் உடல், ஒரு குரல். சினிமாவில் இருப்பதுபோல அண்மைக் காட்சி கிடையாது, வெட்டி ஒட்ட முடியாது, சரியாக வராததை மறுபடி எடுக்க முடியாது. அந்த ஓர் உடலையும் ஒரு குரலையும் வைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் ஒட்டும் உறவும் இல்லாத பல மனிதர்களை நம்பவைக்க முடிந்தால் அதைப் பன்முகத்திறன் என்கிறோம்.

இங்கே எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. புடவைக் கட்டு மாறுகிறது, தலையில் நரை ஏறுகிறது, முதுகு கூனுகிறது, பேச்சு மதுரையிலிருந்து கோயம்புத்தூருக்குப் போகிறது. உடனே கைதட்டிவிடுகிறோம். இவையும் திறமைதான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரே மாவில் இட்லியும் தோசையும் ஊத்தப்பமும் சுடலாம்; மாவு மாறிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. மேடையில் மாற வேண்டியது பாத்திரம் யோசிக்கும் விதம். பெரிய வீட்டு மூத்த மருமகளிடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் வர எவ்வளவு நேரம் ஆகும்? அதே கேள்வியைச் சந்தையில் கூடை வைத்து விற்பவளிடம் கேட்டால்? ஒருத்தி பதில் சொல்லும் முன் வாசலைப் பார்ப்பாள், யார் காதில் விழும் என்று எண்ணுவாள். இன்னொருத்தி கேள்வி முடியும் முன்பே பதிலைத் தொடங்கிவிடுவாள். இரண்டு பேரையும் ஒரே நடிகை நடிக்கும்போது அந்த இடைவெளி மாறுகிறதா என்று கவனியுங்கள். மாறினால் அவர் இரண்டு பெண்களை யோசித்துப் பார்த்திருக்கிறார். மாறாவிட்டால் புடவை மட்டும்தான் மாறியிருக்கிறது.

பார்ட் என்ற வேலி

நடிகை எல்லா வேடமும் ஏற்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எப்போதும் இருந்ததில்லை. திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் நம் ஊர் ஸ்பெஷல் நாடகத்தைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். நாயகனுக்கு ராஜபார்ட், நாயகிக்கு ஸ்திரீபார்ட், கோமாளிக்குப் பபூன் என்று ஆளுக்கொரு பார்ட். அந்தப் பார்ட்டுக்குரிய பாட்டும் நடையும் நடிகரின் சொத்து. ஐரோப்பாவிலும் இதே ஏற்பாடுதான் நெடுங்காலம் நடந்தது. இத்தாலியின் ஊர்சுற்றும் குழுக்களில் முதல் நடிகை, இளம்பெண் வேடக்காரி, வயதான பெண் வேடக்காரி என்று ஒப்பந்தத்திலேயே வகை குறிக்கப்பட்டிருக்கும். பிரெஞ்சு, ஆங்கில மேடைகளிலும் இப்படியே. நாடகம் தினமும் மாறினாலும் நடிகையின் வகை மாறாது.

இந்த வேலிக்குள் இருந்தே உச்சத்தைத் தொட்டவர்கள் உண்டு. ஆங்கில மேடையின் சாரா சிடன்ஸ் 1755இல் பிறந்தவர். 1775இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் அறிமுகமாகித் தோற்றார். வெளியூர் மேடைகளில் ஆண்டுக்கணக்கில் உழைத்துவிட்டு 1782 அக்டோபரில் அதே அரங்குக்குத் திரும்பி வந்து நகரத்தையே அழவைத்தார். துயர நாடகம் என்றால் அவர்தான். விமர்சகர் வில்லியம் ஹாஸ்லிட், துயரமே உருவெடுத்து வந்ததுபோல அவர் இருந்தார் என்று எழுதினார். அதே சிடன்ஸ் 1785இல் ஷேக்ஸ்பியரின் இன்பியல் நாடகத்தில் ரோஸலிண்டாக வந்தபோது எடுபடவில்லை. ஆண் வேடத்தில் திரியும் குறும்புக்காரப் பெண் அந்தப் பாத்திரம். சிடன்ஸ் அணிந்துவந்த உடை ஆண் உடையாகவும் இல்லை, பெண் உடையாகவும் இல்லை என்று கேலி செய்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் டோரதி ஜோர்டன் அதே வேடத்தில் லண்டனைக் கொள்ளைகொண்டார்.

ஆகவே பன்முகத்திறன் இல்லாமலும் ஒருவர் மகத்தான நடிகையாக இருக்கலாம். இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவைப்பது நல்லது. ஆழம் வேறு, அகலம் வேறு. ஒருவருக்கு இரண்டும் வாய்ப்பது அபூர்வம்.

ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்தில் சிடன்ஸ் ஏற்ற லேடி மக்பெத் வேடம் பற்றி ஒரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். விமர்சனம் எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. கொலைக்குத் துணைபோன லேடி மக்பெத், கடைசியில் தூக்கத்தில் நடந்து வந்து, கையில் இல்லாத ரத்தக் கறையைக் கழுவுகிறாள். சிடன்ஸுக்கு முன்பு இந்த வேடத்தில் புகழ்பெற்றிருந்த ஹன்னா பிரிட்சர்ட் காட்சி முழுவதும் மெழுகுவர்த்தியைக் கையிலேயே வைத்திருப்பார். அதுவே வழக்கமாகிவிட்டது. சிடன்ஸ் 1785 பிப்ரவரியில் அந்த வேடத்தை லண்டனில் முதன்முதலாக ஏற்கத் தயாரானபோது, வர்த்தியைக் கீழே வைத்துவிடப் போவதாகச் சொன்னார். கறையைக் கழுவ இரண்டு கையும் வேண்டாமா என்பது அவர் கேள்வி. அரங்கத்தை நடத்திய ஷெரிடன் ஒப்பனை அறைக்கே வந்து, ரசிகர்கள் ஏற்க மாட்டார்கள் என்று மன்றாடினார். சிடன்ஸ் அசையவில்லை. மேடையில் வர்த்தியை வைத்தார், இரண்டு கையாலும் கழுவினார். நாடகம் முடிந்ததும் ஷெரிடன் வந்து, அவர் பிடிவாதமாக இருந்ததே நல்லதாயிற்று என்று ஒப்புக்கொண்டார். அந்தக் காட்சியைப் பற்றி ஹாஸ்லிட் எழுதியதும் இதே நுணுக்கத்தோடு இருக்கிறது: கண் திறந்திருந்தது, ஆனால் பார்வை மூடியிருந்தது, உதடு தன்னையறியாமல் அசைந்தது, ஆவிபோல வந்து ஆவிபோலப் போனார். இருநூறு ஆண்டு கழித்துப் படித்தாலும் அந்தக் கண்ணை நம்மால் பார்க்க முடிகிறது. ‘அற்புதமாக நடித்தார்’ என்று மட்டும் அவர் எழுதியிருந்தால் நம்மிடம் என்ன மிஞ்சியிருக்கும்?

இரண்டு மக்தாக்கள்

இனி அகலத்துக்கு வருவோம். ஒரு நடிகையின் வீச்சை அளக்க வேண்டுமானால் ஒன்று, அவரைப் பல வேடங்களில் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே வேடத்தில் அவரையும் இன்னொருவரையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது வாய்ப்பு 1895 ஜூனில் லண்டன்காரர்களுக்குக் கிடைத்தது. பாரிஸிலிருந்து சாரா பெர்னார், இத்தாலியிலிருந்து எலியோனோரா டூசே. ஜெர்மானிய நாடகாசிரியர் சூடர்மனின் ஒரே நாடகத்தை, இரண்டு வெவ்வேறு அரங்கங்களில், சில நாள் இடைவெளியில் இருவரும் நடித்தார்கள். அப்போது பெர்னாருக்கு 50 வயது, டூசேவுக்கு 36. சாட்டர்டே ரிவ்யூ இதழில் அந்த ஆண்டுதான் நாடக விமர்சனம் எழுதத் தொடங்கியிருந்த பெர்னார்ட் ஷா இரண்டையும் பார்த்தார்.

கதை இதுதான். ராணுவத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற கண்டிப்பான தந்தை. அவர் சொன்ன கல்யாணத்துக்கு மறுத்ததால் வீட்டைவிட்டு வெளியேறிய மகள் மக்தா. ஆண்டுகள் கழித்துப் பெரிய பாடகியாகச் சொந்த ஊருக்கு வருகிறாள். இடைப்பட்ட காலத்தில் ஒருவன் அவளோடு பழகி, குழந்தையைக் கொடுத்துவிட்டு விலகிப்போயிருந்தான். அவன் இப்போது அதே ஊரில் மதிப்பான பதவியில் இருப்பவன். மூன்றாம் அங்கத்தில் அவன் பூங்கொத்தோடு மரியாதைக்காக அவளைப் பார்க்க வருகிறான்.

டூசே இந்த இடத்தில் செய்ததை ஷா படிப்படியாக எழுதியிருக்கிறார். வந்திருப்பவன் யார் என்று முகவரி அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறாள். தன்னைத் திடப்படுத்திக்கொள்கிறாள். அவன் வருகிறான், நலம் விசாரிக்கிறான், பூவைக் கொடுக்கிறான். இருவரும் உட்காருகிறார்கள். சங்கடமான கட்டம் தாண்டிவிட்டது என்று அவளுக்குத் தோன்றுகிறது. இனி இவனை நிதானமாகப் பார்க்கலாம், எவ்வளவு மாறியிருக்கிறான் என்று கவனிக்கலாம் என்று நிமிர்கிறாள். அப்போதுதான் அவள் முகம் சிவக்கத் தொடங்குகிறது. சிவப்பது அவளுக்கே தெரிகிறது. அது ஏறுகிறது, பரவுகிறது. முகத்தைத் திருப்பிப் பார்க்கிறாள், முடியவில்லை. கடைசியில் கைகளில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள். இவ்வளவும் ஒரு வசனம் இல்லாமல். இதில் எந்தத் தந்திரத்தையும் தன்னால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதிய ஷா, டூசே ஏன் முகத்தில் சாயம் பூசுவதில்லை என்பது இப்போது புரிந்தது என்றார். தொழில் ஆர்வத்தோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்தார்: இந்தச் சிவப்பு ஒவ்வோர் இரவும் தானாகவே வந்துவிடுமா?

நான் இந்த மதிப்புரையை மிகவும் மதிப்பது அந்தச் சிவப்புக்காக மட்டும் அல்ல. சிவப்பு எப்போது வந்தது என்பதை ஷா கவனித்திருக்கிறார். அவன் பெயரைப் படித்தபோது வரவில்லை, உள்ளே நுழைந்தபோது வரவில்லை. ஆபத்து கடந்துவிட்டது என்று அவள் தளர்ந்த நொடியில் வந்தது. சுமாரான நடிகை வாசலில் அவனைக் கண்டதுமே துடித்திருப்பார். மக்தா அப்படிப்பட்டவள் இல்லை. ஆண்டுக்கணக்கில் மேடையில் நின்று தன்னைக் கட்டுப்படுத்தப் பழகியவள். அந்தக் கட்டுப்பாடு நழுவுவதற்கு முதலில் அவள் நிம்மதி அடைய வேண்டும். டூசே பாத்திரத்தின் மனத்தை எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார் என்பதற்கு இந்த ஒரு நொடி போதும்.

பெர்னாரைப் பற்றி ஷா கடுமையாகவே எழுதினார். உடை மாறும், நாடகத்தின் பெயர் மாறும், வசனம் மாறும், பெண் மட்டும் அதே பெண் என்றார். பாத்திரத்துக்குள் அவர் நுழைவதில்லை, பாத்திரத்தை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் தன்னை வைக்கிறார் என்பது அவர் குற்றச்சாட்டு. பெர்னாரின் நிலைகளையும் முகபாவங்களையும் பட்டியல் போட்டால் இரண்டு கை விரல்களுக்குள் அடங்கிவிடும், டூசேவுக்கு அப்படி எண்ணவே முடியாது என்றும் எழுதினார். பன்முகத்திறனுக்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் கிடைப்பது கடினம். ஒரு நடிகையின் மூன்று நாடகங்களைப் பார்த்தபின் அவருடைய சைகைகளை எண்ணத் தொடங்குங்கள். திரும்பத் திரும்ப வருபவை எத்தனை? அந்தப் பாத்திரத்துக்கு மட்டுமே உரியவை எத்தனை?

டூசேவின் வேடங்களை வரிசைப்படுத்தினால் ஷா சொன்னதன் பொருள் விளங்கும். ஊர்சுற்றும் நடிகர் குடும்பத்தில் 1858இல் பிறந்து, நான்கு வயதிலேயே மேடை ஏறியவர். 1884இல் தூரின் நகரில், காதலன் கைவிட்ட சிசிலிக் கிராமத்துப் பெண் சாந்துத்ஸாவாக வந்தார். 1891இல் மிலானில் நார்வே நாடகாசிரியர் இப்சனின் நோராவாக வந்து, கணவன் வீட்டைவிட்டு வெளியேறினார். கோல்டோனியின் பதினெட்டாம் நூற்றாண்டு இன்பியல் நாடகத்தில், பெண்களையே பிடிக்காத பிரபு ஒருவனை விரல்நுனியில் ஆட்டிவைக்கும் சத்திரக்காரி மிராந்தோலினாவும் அவரே. அழவைப்பவர், சிரிக்கவைப்பவர், யோசிக்கவைப்பவர் என்று மேடை போட்டுவைத்திருந்த வேலிகளை அவர் தாண்டியதை இந்த வரிசையே காட்டுகிறது. 1891இல் பீட்டர்ஸ்பர்க்கில் அவர் கிளியோபாட்ராவாக நடித்ததைப் பார்த்த ரஷ்ய எழுத்தாளர் செகாவ், தனக்கு இத்தாலிய மொழி தெரியாவிட்டாலும் ஒவ்வொரு சொல்லும் புரிந்ததுபோல இருந்தது என்று தங்கைக்குக் கடிதம் எழுதினார். சாதாரண ரசிகரின் வியப்பு என்று இதை ஒதுக்க முடியாது. நாடகம் எழுதிக்கொண்டிருந்தவரின் சாட்சியம் இது.

ஆனால் ஷா சொன்னதை அப்படியே விழுங்கிவிடவும் கூடாது. அவர் இப்சன் கட்சி. வீட்டு அறையில் நடக்கும் நாடகம், இயல்பான பேச்சு, கருத்து மோதல் இவற்றுக்காக வாதாடியவர். பெர்னார் வளர்ந்தது வேறொரு பள்ளியில். பன்னிரண்டு அசைகளால் ஆன பிரெஞ்சு செய்யுள் வரியை, ஒலி சிதறாமல் உணர்ச்சியோடு சொல்வது அங்கே முதல் கலை. 1874இல் பிரெஞ்சு நாடகாசிரியர் ராசீனின் துயர நாடக நாயகி ஃபேத்ராவாக நடித்து அந்தக் கலையின் உச்சியில் நின்றவர் அவர். 1877இல் தாம் எழுதிய ஹெர்னானி நாடகத்தில் அவரைப் பார்த்த விக்டர் ஹ்யூகோ, தான் சிந்திய கண்ணீருக்கு அடையாளமாகக் கண்ணீர்த்துளி வடிவ வைரம் ஒன்றை அனுப்பிவைத்தார். 1899இல் ஹாம்லெட்டாகவே நடித்தார். அடுத்த ஆண்டில், தம் 55ஆம் வயதில், நெப்போலியனின் இளவயது மகனாக வந்து பாரிஸை வசப்படுத்தினார். இப்படிப்பட்டவருக்கு வீச்சு இல்லை என்று எப்படிச் சொல்வது? ஹாம்லெட்டைப் பார்த்த மேக்ஸ் பீர்போம், முதலிலிருந்து கடைசிவரை ஒரு பெரிய இடத்துச் சீமாட்டியைத்தான் மேடையில் கண்டேன் என்று எழுதியதும் உண்மை. ஷா விட்டுச்சென்ற அதே இதழின் விமர்சகர் நாற்காலியில் பிறகு உட்கார்ந்தவர் இவர். அவர்கள் இருவரும் தேடியது பாத்திரத்துக்குள் மறைந்துபோகும் நடிப்பு. பாரிஸ் ரசிகர் டிக்கெட் வாங்கியது மறையாமல் ஒளிரும் ஒருவரைப் பார்க்க. எந்த மரபில் நின்று பாராட்டுகிறார், எந்த மரபில் நின்று குறைசொல்கிறார் என்று தெரியாமல் விமர்சனத்தைப் படித்தால் பாதிதான் புரியும்.

ஷா மீது எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. பெர்னாரின் காதுமடல் சாயத்தையும் கன்னச் சாயத்தையும் பற்றி அவர் எழுதியிருக்கும் நீளம் தேவைக்கு அதிகம். நடிகையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அவர் முகம், வயது, உடல் என்று பேனா தானாக இழுத்துக்கொண்டு போகும் பழக்கம் அவ்வளவு பெரிய விமர்சகரையும் விடவில்லை. நடிகரைப் பற்றி அதே விமர்சகர் இப்படி எழுதுவாரா என்று ஒவ்வொரு பத்தியிலும் கேட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

ஒரே இரவில் துறவியும் நாகரிகப் பெண்ணும்

நம் நாட்டில் இதே காலத்தில், கல்கத்தாவில், பினோதினி தாசி என்ற இளம்பெண் நடித்துக்கொண்டிருந்தார். வங்காளத்தின் பொது அரங்கில் பெண்கள் நடிக்கத் தொடங்கியதே 1873இல்தான். குடும்பப் பெண்கள் மேடைப் பக்கம் வராத காலம். கணிகையர் வீதியிலிருந்து வந்தவர்கள்தான் அந்த முதல் தலைமுறை நடிகைகள். பினோதினி 1874இல், பதினொரு வயதுபோல இருக்கும்போது, திரௌபதியின் தோழியாகச் சின்ன வேடத்தில் நுழைந்தார். பன்னிரண்டு ஆண்டுகளில் மேடையைவிட்டே போய்விட்டார். அவருடைய பெரும்புகழ் முழுவதும் அந்தப் பன்னிரண்டு ஆண்டில் சம்பாதித்தது.

நாடகாசிரியர் கிரிஷ் சந்திர கோஷ் அவருக்கு ஆசான். வசனம் சொல்லிக்கொடுத்ததோடு நிற்காமல், சாரா சிடன்ஸ், எலன் டெர்ரி போன்ற ஆங்கில நடிகைகளைப் பற்றியெல்லாம் அவரிடம் பேசிக்கொண்டிருப்பார். இந்தப் பயிற்சியின் பலனைப் பினோதினியின் வேடங்களில் பார்க்கலாம். மைக்கேல் மதுசூதன் தத்தரின் மேகநாதன் காவியத்தை மேடையேற்றியபோது ஒரே நாடகத்தில் ஏழு பாத்திரங்கள் ஏற்றார். சீதையும் அதில் உண்டு, மேகநாதன் மனைவி பிரமீளாவும் உண்டு. 1884இல் ஸ்டார் தியேட்டரில் வைணவத் துறவி சைதன்யராக நடித்தார். ராமகிருஷ்ண பரமஹம்சர் வந்து பார்த்து ஆசீர்வதித்த நாடகம் அது. அந்தப் பக்தி நாடகம் முடிந்த அதே இரவில், அடுத்து வந்த கேலி நாடகத்தில் ஆங்கிலப் படிப்பும் மேல்நாட்டு மோகமும் கொண்ட நாகரிகப் பெண்ணாக வந்து நின்றிருக்கிறார். கிரிஷ் அவரைப் பாராட்டி எழுதும்போது இதைத்தான் எடுத்துச் சொன்னார். சைதன்யரைப் பார்த்துக் கண்கலங்கிய அதே கூட்டம் கொஞ்ச நேரத்தில் அவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். கண்ணீரின் ஈரம் காய்வதற்குள் அந்தக் கூட்டத்தைச் சிரிக்கவைக்கும் வேலை எவ்வளவு கடினம் என்பதை மேடை ஏறியவர்கள் அறிவார்கள்.

இதைவிட நுட்பமான பாராட்டு வங்க நாவலாசிரியர் பங்கிம் சந்திரரிடமிருந்து வந்தது. அவருடைய மிருணாளினி நாவல் நாடகமானபோது பினோதினி மனோரமாவாக நடித்தார். மனோரமா விசித்திரமான பாத்திரம். ஒரு கணம் விவரம் தெரியாத சிறுமிபோல இருப்பாள். மறு கணம் முதிர்ந்த, கம்பீரமான பெண்ணாகப் பேசுவாள். உடை மாற்றிக்கொண்டு வர நேரம் கிடையாது. ஒரே காட்சிக்குள், சில வேளை ஒரே பேச்சுக்குள், மாற்றம் நடந்தாக வேண்டும். நாடகத்தைப் பார்த்த பங்கிம், மனோரமாவைப் புத்தகத்தில்தான் எழுதினேன், நேரில் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை என்ற பொருளில் சொன்னதாகப் பினோதினி தம் வரலாற்றில் பதிவுசெய்திருக்கிறார். ஏழு வேடம் போட்டதைவிட இந்த ஒரு வேடமே எனக்குப் பெரிய சான்றாகத் தெரிகிறது. வேடங்களுக்கு நடுவே நடக்கும் மாற்றத்துக்குத் திரை விழுந்து உதவும். ஒரு வேடத்துக்குள்ளேயே நடக்கும் மாற்றத்துக்கு எந்தத் துணையும் இல்லை.

பினோதினியிடம் கற்க இன்னும் ஒன்று இருக்கிறது. பிற்காலத்தில் அவர் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது, கிரிஷ் அதற்கு ஒரு முன்னுரை எழுதிக்கொடுத்தார். பாராட்டு நிறைய இருந்தது. பினோதினிக்குத் திருப்தி இல்லை. நடந்த பல உண்மைகள் அதில் விடுபட்டிருக்கின்றன என்றார். கசப்பான உண்மையை எப்போதும் வெளியே சொல்வது முறையல்ல என்பது கிரிஷின் பதில். முதல் பதிப்பு அந்த முன்னுரை இல்லாமலே வெளிவந்தது. தம்மை உருவாக்கிய ஆசானின் புகழுரையையே, முழு உண்மை இல்லை என்பதற்காக ஒதுக்கிவைத்த நடிகை அவர். ஸ்டார் தியேட்டர் எழும்ப அவர் செய்த தியாகமும், அரங்குக்குத் தம் பெயர் வைப்பதாகச் சொல்லிவிட்டு வைக்காமல் போனதும் அவர் மனத்தை விட்டு நீங்கவே இல்லை. புகழ்ச்சியால் அதை மூடிவிட முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நம் ஊர் மேடையில்

முன்பு சொன்ன ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒரு நிமிடம் திரும்பலாம். பார்ட் நிலையானதுதான். ஆனாலும் அந்த வேலிக்குள் ஸ்திரீபார்ட் நடிகைக்கு எவ்வளவு இடம் இருக்கிறது பாருங்கள். ஒரு திருவிழாவில் வள்ளி. தினைப்புனத்தில் நின்றுகொண்டு நாரதரோடும் வேலனோடும் சரிக்குச் சரி தர்க்கம் செய்ய வேண்டும். எதிரில் நிற்பவர் எந்தக் கேள்வியைப் போடுவார் என்பது முன்கூட்டித் தெரியாது. ஒத்திகை கிடையாது, சில வேளை அந்த நடிகரை அன்றுதான் முதன்முதலாகச் சந்தித்திருப்பார். அடுத்த ஊரில் சந்திரமதி. பாம்பு தீண்டி இறந்த மகனைத் தூக்கிக்கொண்டு மயானத்துக்கு வந்து, காவல் நிற்கும் கணவனிடமே கெஞ்ச வேண்டும். தர்க்கத்தில் சொல் முந்த வேண்டும், மயானத்தில் சொல் தடுமாற வேண்டும். விடிய விடிய நடக்கும் இந்த நாடகங்களுக்கு மறுநாள் நாளிதழில் மதிப்புரை வருவதில்லை. சங்கரதாஸ் சுவாமிகளின் பாடல்களைப் பற்றி எழுதுகிறோம். அந்தப் பாடலுக்கும் அடுத்த பாடலுக்கும் நடுவே வள்ளியாக நின்றவர் சொந்தமாகப் பேசிய பேச்சை யார் எழுதிவைத்தோம்? இது ஈடுசெய்ய முடியாத இழப்பு, இன்றும் தொடரும் இழப்பு.

அடுத்த முறை நாடகத்துக்குப் போகும்போது எதைக் கவனிப்பது என்று கேட்பவர்களுக்கு என் யோசனை: நடிகை பேசும்போது பார்ப்பதைவிட அடுத்தவர் பேசும்போது அவரைப் பாருங்கள். கேட்கும் விதத்தில்தான் பாத்திரம் அகப்படும். தாய் கேட்பதுபோல வேலைக்காரி கேட்க மாட்டாள், வேலைக்காரி கேட்பதுபோல நீதிபதி கேட்க மாட்டார். பொருளை எடுக்கும் விதத்தையும் பாருங்கள். தம்ளரோ சாவியோ கடிதமோ, அதன் எடையும் விலையும் அந்தப் பாத்திரத்துக்கு என்ன என்று கை சொல்லிவிடும். முடிந்தால் ஒரே நாடகத்தை இரண்டு முறை பாருங்கள். ஒரே நடிகையின் மூன்று நாடகங்களைப் பார்க்காமல் ‘பன்முகம்’ என்ற சொல்லை எழுதாமல் இருப்பது இன்னும் நல்லது.

டூசேவைப் பற்றி இவ்வளவு சொன்னபின், அவரைப் பார்க்க வழியே இல்லையா என்று கேட்கலாம். ஒரே ஒரு படம் இருக்கிறது: 1916இல் வெளிவந்த சேனரே என்ற மௌனப் படம். இணையத்தில் கிடைக்கிறது. மகனைப் பிரிந்து, வயதானபின் அவனைச் சந்திக்கும் தாயாக வருகிறார். முகத்தைப் பெரும்பாலும் நிழலிலும் முக்காட்டிலும் வைத்துக்கொள்கிறார். நடிப்பில் பெரும்பங்கு கைகளிடமும் தோளிடமும் இருக்கிறது. பெர்னார் எலிசபெத் அரசியாக நடித்த 1912ஆம் ஆண்டுப் படமும் கிடைக்கிறது. அதில் அரசி குவித்துவைத்த மெத்தைகள் மேல் முன்புறமாகச் சாய்ந்து விழுந்து சாகிறார். இன்று பார்ப்பவர்களுக்கு மிகையாகத் தோன்றும். மௌனப் படம் அவருடைய குரலைப் பறித்துவிட்டது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பது நல்லது. முதலில் பெர்னார், பிறகு டூசே. பார்த்து முடித்ததும் ஷாவின் மதிப்புரையைத் தேடிப் படியுங்கள், அவரோடு எந்த இடத்தில் உடன்பட முடியவில்லை என்று குறித்துவையுங்கள்.